இசையும் புகழும்

'இசை' என்னும் சொல்லுக்குப் பாட்டு என்றும் பொருள். புகழ் என்றும் பொருள். ஆனால் பாடியவரையே அப்புகழ் சேர்ந்ததா என ஆராய்ந்தால், கொல்லிமலை வேறொரு செய்தியைக் கூறுகிறது.

இன்றைய நாமக்கல் மாவட்டத்திலுள்ள அம்மலை, கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரிக்கு உரியது. வன்பரணர் பாடிய புறநானூற்றின் 152ஆம் பாடல் அவனைக் காட்டுவழியில் காட்டுகிறது. யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகியவற்றை ஒரே அம்பால் வீழ்த்திய வேட்டுவன் ஒருவனைப் பாணர் கூட்டம் காண்கிறது. அவன் எளியவன் அல்லன் என உணர்ந்த அதன் தலைவர், தாம் பாடப்போவதாக விறலியிடம் கூறிக் கூட்டத்தாரைக் கருவிகளை அமைக்கச் சொல்கிறார். முழவு, யாழ், தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை ஆகியன ஆயத்தமாகின்றன. இருபத்தொரு துறையும் முறையாகப் பாடப்படுகின்றன. இறுதியில் 'கோ' என்று விளிக்க, அது தன் பெயராதலின் அவ்வேட்டுவன் நாணுகிறான். பின்னர் இறைச்சியும் மதுவும், தன் மலையில் பிறந்த பொன்னும் மணியும் வழங்குகிறான்.

இவ்வளவையும் நாம் அறிவோம். கருவிகளின் பெயர்கள்கூட எஞ்சியுள்ளன. ஆனால் அந்த விறலியின் பெயர் என்ன? அன்று ஒலித்த பண் எது? விடையில்லை. ஓரியின் பெயர் நிலைத்தது. புலவரின் சொல்லும் நிலைத்தது. குரல் மட்டும் அன்றே காற்றோடு கலந்துவிட்டது. ஒலியைச் சேமிக்கும் கருவி தோன்றும்வரை பாடகர் அனைவரின் நிலையும் இதுதான்.

இருபதாம் நூற்றாண்டு அந்நிலையை மாற்றியது. எகிப்து நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்த உம் குல்தும், தந்தையிடம் பாடக் கற்றவர். இளமையில் ஆண்பிள்ளை உடையில் மேடையேறியவர். பின்னாளில் மாதத்தின் முதல் வியாழன் இரவில் அவருடைய கச்சேரியை வானொலி பல்லாண்டுகள் ஒலிபரப்பியது. ஒரே பாடலை ஒரு மணி நேரத்திற்கும் மேலாக விரித்துப் பாடுவார். அவையோர் வேண்டினால் ஓர் அடியையே மீண்டும் மீண்டும் பாடுவார். அவர் 1975இல் மறைந்தார். எனினும் அரபு நாடுகளின் தேநீர்க் கடைகளில் அக்குரல் இன்றும் கேட்கிறது.

நம் நாட்டில் அவருக்கு ஒப்பாகக் கூறத்தக்கவர், கொல்லிமலைக்குத் தென்மேற்கே காவிரிக்கரையிலுள்ள கொடுமுடியில் 1908இல் பிறந்த கே. பி. சுந்தராம்பாள். அவரும் மேடையில் ஆண்வேடம் புனைந்தவர். 1935இல் வெளிவந்த 'நந்தனார்' திரைப்படத்தில் நந்தனாராகவே நடித்து, அக்காலத்தில் எவரும் வியக்கும்படி ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார். 1953இல் வெளிவந்த 'ஔவையார்' அவரைச் சிற்றூர் மக்களிடமும் கொண்டு சேர்த்தது. அவர் 1980இல் மறைந்த பின்னரும், கோயில் திருவிழா ஒலிபெருக்கிகளில் அவர் குரலே விடியலை அறிவிக்கிறது.

ஆயினும் இங்கும் இழப்பு உண்டு. அக்கால இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று மணித்துளிகளே ஒலிக்கும். சுந்தராம்பாளும் அவர்தம் கணவர் எஸ். ஜி. கிட்டப்பாவும் நாடக மேடையில் இரவு முழுதும் பாடியவற்றுள் அவ்வளவு சிறு பகுதிகளே பதிவாயின. கிட்டப்பா 1933இல் இளமையிலேயே மறைந்தார். அவர்கள் ஒருவர்க்கொருவர் ஈடுகொடுத்து விரித்துப் பாடிய முறையை, நேரில் கேட்டவர்கள் எழுதிவைத்த குறிப்புகளைக் கொண்டே இன்று அறிய வேண்டியுள்ளது. கொல்லிமலை விறலியை வன்பரணரின் சொல்வழி அறிவதுபோல.