கணிதம் தீட்டும் ஓவியம்

“இந்த அணிகளும் கொசைனும் பிற்காலத்தில் எதற்குப் பயன்படப் போகின்றன?” கணித வகுப்பு முடிந்ததும் நம்மில் பலர் கேட்கும் கேள்வி இது. விடை நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. கைப்பேசியில் ஊரின் வரைபடத்தை விரலால் திருப்பினால், கட்டடங்கள் சுழன்று தம் மறுபக்கத்தைக் காட்டுகின்றன. உடற்கூற்றுப் பாடத்துக்கென அமைந்த இணையப் பக்கத்தில் இதயத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்க்க முடிகிறது. இவை முன்கூட்டியே எடுத்து வைத்த நிழற்படங்கள் அல்ல. நாம் திருப்பும் அந்தக் கணத்திலேயே புதிதாக வரையப்படுபவை. வரையும் தூரிகை எது தெரியுமா? நாம் வகுப்பில் படிக்கும் அதே கணிதந்தான்! அது எவ்வாறு என்பதைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் திரையைப் பார்ப்போம். தையல் வகுப்பில் குறுக்குத் தையல் போட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். துணியின் ஒவ்வொரு சிறு கட்டத்திலும் ஒரு நிற நூல்; தள்ளி நின்று பார்த்தால் அழகிய ரோஜாப்பூ. திரையும் அவ்வாறே பிக்ஸல் எனப்படும் நுண்ணிய கட்டங்களால் ஆனது. அகலத்தில் 1920, உயரத்தில் 1080 என்றால் மொத்தம் 20,73,600 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளின் அளவை எண்களால் குறிக்கிறார்கள். அசைவு தடையின்றித் தோன்ற வேண்டுமானால் இத்தனை கட்டங்களையும் வினாடிக்கு 60 முறை நிரப்ப வேண்டும். அதாவது ஒரே வினாடியில் 12 கோடிக்கும் மேல்!

எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்பதை முடிவு செய்யத் துணை வருவது முக்கோணம். நாற்காலி மேடு பள்ளமான தரையில் ஆடும், முக்காலி ஆடாது. மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும் என்ற வடிவியல் உண்மையே இதற்குக் காரணம். நான்கு புள்ளிகளுக்கு அந்த உறுதி இல்லை. எனவேதான் மலையாயினும் மனித முகமாயினும் அதனைச் சின்னஞ்சிறு முக்கோணங்களாகப் பிரித்துக் கொள்வது வழக்கமாயிற்று.

அமெரிக்காவிலுள்ள யூட்டா பல்கலைக் கழகத்தை இக்கலையின் தொட்டில் எனலாம். 1971-ஆம் ஆண்டு அங்கே ஆய்வு செய்த ஹென்றி கூரோ என்ற பிரெஞ்சுக்காரர், தம் மனைவியின் முகத்தில் கோடுகள் வரைந்து, அவை சந்திக்கும் இடங்களை அளந்து கணிப்பொறிக்குக் கொடுத்தார். முனைகளில் மட்டும் நிறத்தைக் கணக்கிட்டு, இடைப்பகுதியைப் படிப்படியாகக் கலந்து நிரப்பினால், தட்டையான துண்டுகளும் வழவழப்பான கன்னமாகத் தோன்றும் என்று காட்டினார். 1975-ஆம் ஆண்டு அதே பல்கலைக் கழகத்தில் மார்ட்டின் நியூவெல் என்பவர், தம் மனைவியின் யோசனைப்படி வீட்டுத் தேநீர்க் கெண்டியையே மாதிரியாகக் கொண்டார். அந்தக் கெண்டி கலிபோர்னியாவிலுள்ள கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

இனி, ஒரு படம் உருவாகும் வழியைக் காண்போம். முதலில், முக்கோணத்தின் ஒவ்வொரு முனைக்கும் அதன் இடத்தைக் குறிக்கும் எண்கள் தரப்படுகின்றன. பொருளைத் திருப்பவும், நகர்த்தவும், தொலைவிலுள்ளதைச் சிறிதாக்கவும் அவ்வெண்களை அணிகளால் பெருக்குகிறோம். அடுத்து, அம்முக்கோணம் திரையில் எந்தெந்தக் கட்டங்களை மூடுகிறது என்று கண்டறியப்படுகிறது. ஒரு கட்டத்தில் இரண்டு பொருள்கள் போட்டியிட்டால், இரண்டின் தொலைவையும் ஒப்பிட்டு அருகிலிருப்பதை வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கி விடுகிறார்கள். இறுதியாக நிறம். ஒளி நேராக விழும் பரப்பு பளிச்சென்றும், சாய்வாக விழும் பரப்பு மங்கலாகவும் இருக்கும் அல்லவா? பரப்புக்குச் செங்குத்தான கோட்டுக்கும் ஒளி வரும் திசைக்கும் இடையிலுள்ள கோணத்தின் கொசைனே அப்பிரகாசத்தின் அளவு. லாம்பர்ட் என்னும் அறிஞர் 1760-ஆம் ஆண்டு வெளியிட்ட ஒளி பற்றிய நூலில் கண்ட விதி இன்றும் நம் திரைகளில் வேலை செய்கிறது!

இத்தனை கணக்குகளையும் யார் போடுவது? கணிப்பொறியின் வழக்கமான செயலி, பலவகைக் கணக்குகளை விரைந்து போடும் கெட்டிக்கார மாணவி போன்றது. ஆனால் இருபது லட்சம் கட்டங்களுக்கு ஒரேவகைக் கணக்கைப் போட அவள் ஒருத்தி போதாது. நம் விளையாட்டு விழாவில் நடைபெறும் கூட்டு உடற்பயிற்சியை நினைத்துப் பாருங்கள். ஆசிரியையின் ஒரே விசில். நூற்றுக்கணக்கான கைகள் ஒருசேர உயர்கின்றன. ஜி.பி.யூ. எனப்படும் வரைகலைச் செயலி இவ்வாறே இயங்குகிறது. அதற்கு நாம் எழுதித் தரும் சிறு நிரலுக்கு ஷேடர் என்று பெயர். ‘என் இடம் எது? அந்த இடத்துக்கு உரிய நிறம் என்ன?’ என்ற ஒரே கணக்கை ஒவ்வொரு கட்டத்துக்கும் அது செய்கிறது. பாதிப் பேருக்கு ஒரு பயிற்சி, மறுபாதிக்கு வேறொன்று என்றால், ஒரு சாரார் செய்யும்போது மறுசாரார் காத்து நிற்க நேரிடும். ஆகவே, ‘இப்படியானால் இது, இல்லையேல் அது’ என்று நிரலைப் பிரிப்பதை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

முன்பெல்லாம் இதைக் கற்பதற்குத் தனி மென்பொருள்களைக் கணிப்பொறியில் நிறுவ வேண்டியிருந்தது. 2011-ஆம் ஆண்டு குரோனோஸ் குழுமம் ‘வெப்ஜிஎல்’ என்ற பொது விதிமுறையை வெளியிட்டதும் அத்தடை நீங்கியது. இணைய உலாவியே வரைபலகை ஆயிற்று. 2023-ஆம் ஆண்டு குரோம் உலாவியில் ‘வெப்ஜிபியூ’ வந்தது. படம் வரைவதோடு, பிற பெருங்கணக்குகளையும் ஜி.பி.யூ.விடம் நேரடியாக ஒப்படைக்க இது வழி செய்கிறது. முன்பின் அறியாதவர் எழுதிய நிரல் நம் கருவியில் ஓடுவது ஆபத்தல்லவா? எனவே உலாவி ஒவ்வோர் ஆணையையும் சரிபார்த்த பின்னரே உள்ளே அனுப்புகிறது.

கற்க விரும்பும் தோழியர் ஒரேயொரு முக்கோணத்தோடு தொடங்குவது நலம். திரையின் நடுவை 0 என்றும், இடது விளிம்பை -1, வலது விளிம்பை +1 என்றும் கொள்வது இத்துறையின் வழக்கம். கீழ் விளிம்பும் மேல் விளிம்பும் அவ்வாறே. மூன்று முனைகளுக்கு மூன்று நிறம் கொடுத்தால், கூரோ காட்டியபடி நிறங்கள் நடுவில் கலந்து மிளிரும். பிறகு அதைச் சுழற்றலாம், கனசதுரம் அமைக்கலாம், ஒளியைச் சேர்க்கலாம். 2010-ஆம் ஆண்டு முதல் கிடைக்கும் ‘த்ரீ.ஜேஎஸ்’ என்ற நிரல் தொகுப்பு பாதி வேலையைக் குறைத்துவிடும். எனினும் அடிப்படையை அறிந்தபின் அதனை நாடுவதே சிறப்பு.

பொறுமையும் தேவை. ஒரு கழித்தல் குறி தவறினாலும் திரை முழுவதும் கறுப்பாகிவிடும். தவறு எங்கே என்று கருவி பல வேளைகளில் சொல்வதில்லை. இத்துறையினர் ஒரு நல்ல உபாயம் வைத்திருக்கிறார்கள். ஐயத்துக்குரிய எண்ணையே நிறமாக மாற்றித் திரையில் தீட்டிப் பார்ப்பார்கள். குறைந்தால் பச்சை, மிகுந்தால் சிவப்பு என்று வைத்தால், தவறு தானே கண்ணில் படும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். திரையின் முன் அமர்ந்த மகள் பொழுதைப் போக்குகிறாள் என்று உடனே முடிவு செய்துவிட வேண்டாம். அவள் என்ன செய்கிறாள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இதற்கென விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. வீட்டிலுள்ள சாதாரணக் கணிப்பொறியிலும் ஜி.பி.யூ. இருக்கிறது.

அன்று ஒரு பெண்ணின் முகம் கணிப்பொறிக்குப் பாடமாக அமைந்தது. இன்று அப்பாடத்தை எழுதும் கை நம் கையாக இருக்கட்டும். பிறர் படைத்ததைப் பார்த்து மகிழ்வதோடு நின்றுவிடாமல், நாமும் படைக்கக் கற்போம். நாளைய கணித வகுப்பில் அணிகளின் பெருக்கல் வரும்போது, நம் கையில் ஒரு தூரிகை தரப்படுகிறது என்பதை மறவாதிருப்போம்.