ஒரே எஸ், இரண்டு பெயர்

1936இல் ஜொகூர் மாநிலம் குளுவாங்கில் பிறந்து, 1979 முதல் 2010 வரை மலேசிய இந்திய காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவராக இருந்தவர் சாமிவேலு. அவர் பெயர் தெரியாத மலேசியத் தமிழர் இல்லை. அவர் அப்பாவின் பெயர் சங்கிலிமுத்து. இன்று அந்தப் பெயரை வைத்து எந்த வீட்டில் தொட்டில் ஆட்டுகிறார்கள்?

அன்று அது சாதாரணப் பெயர். சங்கிலி என்றால் ஊர்ப்பக்கத்து ஆட்களுக்குச் சங்கிலிக் கருப்பன்தான் முதலில் நினைவுக்கு வருவார். ஒப்பந்தத்தில் வந்த சஞ்சிக்கூலிகளோடு முனியாண்டியும் மதுரைவீரனும் கருப்பனும் கப்பலேறி வந்து, தோட்டத்து மரத்தடிகளில் கல்லாகவும் சூலமாகவும் நின்றார்கள். நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளைக்கு அந்தச் சாமி பேர்தான். பிள்ளை தங்காத வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் புரட்டியெடுத்துக் குப்புசாமி, குப்பம்மாள் என்று கூப்பிட்டார்கள். எமன்கூட வேண்டாமென்று விட்டுவிட்டுப் போகட்டுமே! பேர் என்பது அன்று பிள்ளைக்குக் கட்டிய காப்பு.

அந்தப் பேர் சூராட் பெரானாக்கில், அதாவது பிறப்புச் சான்றிதழில், ஏறும்போது வேறொரு கூத்து. எழுதியவர் காதில் விழுந்ததுதான் எழுத்து. லட்சுமி என்ற பெயர் 'எல்-இ-டி-சி-எச்-யு-எம்-ஒய்' ஆனது. சாமிவேலுவின் வேலுக்கும் ஒரு 'எல்' கூடுதலாகக் கிடைத்தது.

1929 கடைசியில் பெரியார் மலாயா வந்தார். 1935இல் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' வெளிவரத் தொடங்கியது. சீர்திருத்தப் பேச்சும் தனித்தமிழ் ஆசையும் தோட்டம்வரை பரவ, முனியாண்டி வீட்டில் அன்பழகனும் குப்பம்மாள் வீட்டில் தமிழ்ச்செல்வியும் பிறந்தார்கள். சாமிவேலு தம் மகனுக்கு வைத்த பெயர் வேள்பாரி. முல்லைக்குத் தேர் கொடுத்த பறம்புமலைத் தலைவனின் பெயர். தாத்தா பேரில் காவல்தெய்வம், அப்பா பேரில் முருகன் கை வேல், பேரன் பேரில் சங்க காலம்.

இன்று எண் கணிதம் பார்க்கிறார்கள், நட்சத்திர எழுத்துப் பார்க்கிறார்கள். மலாய் ஆசிரியர் வாயிலும் சீன நண்பன் வாயிலும் சிக்காமல் வரவேண்டும் என்றும் பார்க்கிறார்கள். கவின், யாழினி என்று தமிழ் மணக்கும் பெயர் ஒரு பக்கம், யாஷ்வின், தர்ஷன் மறுபக்கம். எமனை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்ற தைரியம் வந்துவிட்டது, நல்ல காலம்.

பழைய பெயர்கள் போன இடம் ஐசியில், அடையாள அட்டையில், தெரியும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயருக்குப் பின் 'ஏ/எல்', அதாவது அனாக் லெலாக்கி, 'இன்னாரின் மகன்' என்று போட்டு அப்பா பெயர் முழுசாக வரும். தாத்தாவுக்கு அதில் இடமில்லை. எந்தப் பெயரும் இப்படி ஒரு தலைமுறைதான் ஒட்டிக்கொண்டு வரும்.

எஸ். சாமிவேலுவில் இருந்த எஸ் சங்கிலிமுத்து. எஸ். வேள்பாரியில் இருக்கும் எஸ் சாமிவேலு. எழுத்து அதேதான், கருப்பன் மட்டும் இறங்கிப் போய்விட்டார்.