எதை எரிப்பது, எதை எடுத்து வைப்பது?



டிஸ்பென்சரிக்குப் பின்னால் பல இடங்களில் ஒரு குழி இருக்கும். ஊசி, பஞ்சு, பேண்டேஜ், மருந்துக் குப்பி எல்லாம் அதற்குள் போகும். நிறைந்ததும் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவார்கள். எரிந்தது தானே, முடிந்தது என்று இருந்து விடுகிறோம். ஆனால் ஊசி எரிவதில்லை. கறுத்துப் போய் சாம்பலுக்குள் கிடக்கும், முனை அப்படியே இருக்கும். மழை விழுந்தால் குழி நிரம்பி கானுக்கு இறங்கும். டிக்கோயாப் பக்கத்துக் கான் தண்ணீர் கெஹெல்கமு ஓயாவோடு காசல்ரீக்குப் போய், பிறகு களனி கங்கையாகி, கொழும்புக்காரர் குடிக்கிற தண்ணீராகிறது. அதற்கு முன்னால் கீழ் லயத்துப் பிள்ளைகள் அதில் கால் கழுவுகிறார்கள்.

ஆஸ்பத்திரிக் குப்பை எல்லாமே விஷம் என்று பயப்படவும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 100 கிலோவில் 85 கிலோ சாதாரணக் குப்பை தான். மிச்சம் 15 கிலோவைத் தான் பிரிக்க வேண்டும். பிரிக்காமல் கலந்து விட்டால் 100 கிலோவும் கெட்டது தான். அதற்காகத்தான் நம் நாட்டு வைத்தியசாலைகளில் நிறம் வைத்திருக்கிறார்கள். இரத்தம் பட்ட பஞ்சும் துணியும் மஞ்சள் பைக்கு. ஊசி, பிளேடு சிவப்புக் கோடு போட்ட மஞ்சள் பெட்டிக்கு. சாதாரணக் குப்பை கறுப்புக்கு. ஊசிப் பெட்டி முக்கால்வாசி நிறைந்ததும் மூடி விட வேண்டும், அமுக்கி அமுக்கித் திணிக்கக் கூடாது.

இதை முறையாக எரிக்க 850 பாகைக்கு மேல் சூடு வேண்டும். ஈர விறகில், இந்தப் பனிக்குள், குழித் தீ அந்தச் சூட்டைக் காணாது. பிளாஸ்டிக் அரைகுறையாக எரிந்தால் டயொக்சின் என்ற நச்சுப் புகை தான் மிச்சம். சிறிய இடங்களுக்கு, மூடியும் குழாயும் வைத்த சீமெந்துக் குழியில் ஊசியைப் போடுவது எவ்வளவோ மேல்.

ஆபத்து முதலில் யாருக்கு? டாக்டருக்கு இல்லை, வாசல்கூட்டிக்கு. ஹெப்படைடிஸ் பி உள்ளவருக்குப் போட்ட ஊசி, தடுப்பூசி போடாதவருக்குக் குத்தினால் 100 பேரில் 30 பேர் வரை அந்த வருத்தம் வரலாம். எய்ட்ஸ் கிருமி என்றால் 1000க்கு 3 பேர். குத்தினால் வாயால் உறிஞ்சாதீங்க, நசுக்காதீங்க. சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. எய்ட்ஸ் தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கியாக வேண்டும். "சின்னக் குத்து தானே, நாளைக்குப் பெயர் போய்விடும்" என்று மலைக்கு ஏறி விடாதீங்க. காம்பராவில் சீனி வருத்தத்துக்கு ஊசி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் போத்தலில் போட்டு மூடி, எங்கே ஒப்படைப்பது என்று டிஸ்பென்சரியில் கேளுங்க.

இந்தக் குப்பை கடல் கடந்தும் வரும். பழைய மெத்தை, கம்பளம் என்று சொல்லி 2017 முதல் 2019 வரை பிரித்தானியாவில் இருந்து 263 கொள்கலன் குப்பை கொழும்புக்கு வந்தது. அதற்குள் ஆஸ்பத்திரிக் கழிவும் இருந்ததாகச் சுங்கத்தார் சொன்னார்கள். வழக்குப் போட்டு, கடைசிக் கொள்கலனைத் திருப்பி அனுப்ப 2022 பெப்ரவரி ஆகிவிட்டது.

டிஸ்பென்சரியில் இருந்து வெளியே போகிற இன்னொரு குப்பை காகிதம். டவுனில் ஒரு முறை கடலை வாங்கினோம். சுருளைப் பிரித்தால் ஒரு கர்ப்பிணித் தாயின் பெயர், வயது, இரத்தப் பரிசோதனை முடிவு! பழைய காகிதம் என்று கிலோக் கணக்கில் விற்றிருக்கிறார்கள். ஒருவருடைய வருத்தம் கடலைக்காரருக்கு எதற்கு? இப்படிப்பட்ட விபரங்களைக் காப்பாற்ற 2022இல் 9ஆம் இலக்கச் சட்டமும் நிறைவேறியது. பெரிய நகரங்களில் காகிதத்தை அரைத்து, அழித்ததற்குச் சான்றிதழ் தருவதையே தொழிலாகச் செய்கிறார்கள். நமக்கு மெஷின் தேவையில்லை. வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்த பதிவைச் சின்னதாகக் கிழித்து, ஒரு இரவு வாளித் தண்ணீரில் ஊறப் போட்டுப் பிசைந்தால் போதும்.

ஆனால் அழிக்கிற அவசரத்தில் எல்லாவற்றையும் அழித்து விடக் கூடாது. நம் ஆட்கள் காகிதம் இல்லாமல் பட்ட பாடு கொஞ்சமா? 1948இல் குடியுரிமை போனது. 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி திரும்பக் கேட்டபோது, 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ந்து 7 வருஷம், கலியாணம் ஆகாதவர் என்றால் 10 வருஷம், இங்கே இருந்ததை நிரூபிக்கச் சொன்னார்கள். 8 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கேட்டதில் ஒன்றரை இலட்சம் பேருக்குக் கூடக் கிடைக்கவில்லை. 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தபோதும் 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே இருந்தவர், அல்லது அவர் பிள்ளை பேரப்பிள்ளை என்பது தான் கணக்கு.

ஆகவே பிறப்புச் சான்றிதழ், கலியாணச் சான்றிதழ், குடியுரிமைப் பத்திரம், சேமலாப நிதி இலக்கம் உள்ள சீட்டு, பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, இவற்றைத் தீபாவளிக்கு வீடு துப்புரவாக்கும்போது பழைய பேப்பரோடு போட்டு விடாதீங்க. சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் கேட்கப் போகும்போது பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலே அலைச்சல். லயத்தில் தீப்பிடித்தால் முதலில் போவதும் இவை தான். பொலித்தீன் பையில் போட்டு, இஸ்தோப்புப் பக்கம் கைக்கு எட்டுகிற பெட்டியில் வைங்க. பிறப்புச் சான்றிதழின் இலக்கத்தையும் திகதியையும் தனியே எழுதி, வேறு லயத்தில் உள்ள சொந்தக்காரரிடம் கொடுத்து வைங்க. அது தெரிந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி எடுப்பது லேசு.