கார் மேல் சிலந்திவலை: ஏன்? எப்படி?

செகண்ட்ஹேண்டில் வாங்கிய கறுப்புக் காரை வெயிலில் நிறுத்திப் பாருங்கள். பானெட்டில் சூரியன் பளிச்சிடும் இடத்தைச் சுற்றி, சிலந்திவலை மாதிரி மெல்லிய கீறல்கள் வட்ட வட்டமாகத் தெரியும். யாரும் வட்டமாகக் கீறவில்லை. கீறல்கள் எல்லாத் திசையிலும்தான் கிடக்கின்றன. ஒளி வரும் திசைக்குக் குறுக்கே இருப்பவை மட்டுமே வெளிச்சத்தை நம் கண்ணுக்குத் திருப்புகின்றன. தலையை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும்!

காரணம், தினமும் தூசி தட்டும் அந்தக் காய்ந்த துணிதான். தெருப்புழுதியில் குவார்ட்ஸ் மணல் உண்டு. பெயின்ட்டுக்கு மேலிருக்கும் நிறமற்ற கிளியர் கோட்டைவிட அது கடினமானது. அந்தப் பூச்சின் தடிமனோ பெரும்பாலும் 40–50 மைக்ரான்தான்.

அதனால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை இறக்கிவிட வேண்டும். பிறகுதான் கார் ஷாம்பூ. நுரையைப் பார்த்து மயங்க வேண்டாம். துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே வழுக்கலைத் தருவது ஷாம்பூ கரைசல்தான். துணியை அலசத் தனி வாளி வேண்டும். இல்லையென்றால் எடுத்த மண்ணையே திரும்பவும் தேய்ப்போம்.

ஏற்கெனவே விழுந்த கீறல்களுக்குப் பாலிஷ் போடும்போது, அதில் இருக்கும் நுண்துகள்கள் கீறலை அடைப்பதில்லை; சுற்றியுள்ள பூச்சைக் கீறலின் ஆழத்துக்குச் சீவிவிடுகின்றன. எனவே நகம் தட்டுப்படும் ஆழமான கீறலைத் துரத்தாதீர்கள், கிளியர் கோட்டே தீர்ந்துபோகும். முன்பு வைத்திருந்தவர் எத்தனை தடவை பாலிஷ் போட்டாரோ! இருப்பதிலேயே மென்மையான பாலிஷை எடுத்து, உள்ளங்கை அகல இடத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள்.