சிப்புக்குள் ஒரு நோட்டு – 9: ஒரு லட்சம் முறை

சித்தப்பாவின் கிணற்று மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று எண்ணிக் காட்டும் கருவியைச் செய்து முடித்தோம். மாட்டிய முதல் நாளே கரண்ட் போய் வந்தது. திரையில் 0. “காலையில இருந்து ஓடுனதெல்லாம் எங்கடா போச்சு?” என்று கேட்டார்.

ரேமோடு போய்விட்டது. கருவிக்குள் இருக்கும் ஆர்டுயினோ யூனோவின் ஏடிமெகா328பி சிப்பில் புரோகிராம் தங்க 32 கிலோபைட் பிளாஷ் இருக்கிறது. ஓடும்போது கணக்குப் போட 2 கிலோபைட் ரேம். இவை போக, பலர் தொட்டே பார்க்காத 1 கிலோபைட் ஈஈப்ராம் ஒன்று உண்டு. கரண்ட் போனாலும் அதில் எழுதியது நிற்கும்.

எப்படி நிற்கிறது? அங்கே ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு டிரான்சிஸ்டர். அதற்குள் எந்தக் கம்பியோடும் சேராமல், சுற்றிலும் ஆக்சைடு மூடிய சிறு சிலிக்கன் துண்டு. அதில் எலெக்ட்ரான்களை ஏற்றிவிட்டால் வெளியேற வழியில்லாமல் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும். 1967-ல் பெல் ஆய்வகத்தில் தாவோன் காங், சைமன் சே இருவரும் கண்ட வழி இது. 1971-ல் இன்டெலின் டோவ் ஃப்ரோமன் இதைக் கொண்டு ஈப்ராம் சிப்பை உருவாக்கினார். அதை அழிக்க, சிப்பின் மேலிருந்த குவார்ட்ஸ் ஜன்னல் வழியே புற ஊதா ஒளி பாய்ச்ச வேண்டும். இன்று சிப்பே தனக்குள் மின்னழுத்தத்தை உயர்த்தி, மெல்லிய ஆக்சைடைத் துளைத்து எலெக்ட்ரான்களைத் தள்ளுகிறது. ஒவ்வொரு தள்ளலிலும் ஆக்சைடு கொஞ்சம் கெடுகிறது. ஒரே இடத்தில் ரப்பரால் அழித்து அழித்து எழுதினால் தாள் மெலிந்து கிழிவதைப் போலத்தான். எத்தனை முறை படித்தாலும் தேயாது. எழுத மட்டும் ஓர் இடத்துக்கு 1,00,000 முறை என்று தயாரிப்பாளர் வரம்பு சொல்கிறார்.

அந்த வரம்பைக் கவனிக்காமல், மோட்டார் ஓடும் ஒவ்வொரு நொடியும் ஈஈப்ராமின் ஒரே இடத்தில் எழுதும்படி வைத்துவிட்டேன். 1,00,000 நொடி என்பது 28 மணி நேரம்கூட இல்லை. தினம் ஆறு மணி நேரம் ஓடும் மோட்டாருக்கு அது ஐந்து நாள் கணக்கு. சிப் அதையும் தாண்டி உழைத்தது. நாலாம் மாதம் எண்கள் தாறுமாறாக வரத் தொடங்கின. சித்தப்பா நம்பி வைத்திருந்த கணக்கு முழுதும் பாழ்.

புது சிப்பில் நொடிக்குப் பதில் நிமிடத்துக்கு ஒருமுறை எழுதினேன். அதுவும் ஒரே இடத்தில் இல்லை. நான்கு பைட் எண்ணுக்கு 1,024 பைட்டில் 256 இடம் கிடைக்கும். வரிசையாக எழுதிக்கொண்டே போய், கடைசி வந்ததும் முதலுக்குத் திரும்பலாம். இருப்பதில் பெரிய எண்தான் புதியது.

இன்னொரு ஆபத்து மிச்சமிருந்தது. ஒரு பைட் எழுத 3.3 மில்லிநொடி ஆகும். அதற்குள் கரண்ட் போனால்? ஒரே இடத்தில் எழுதினால், 255 நிமிடம் 256 ஆகும்போது இரண்டு பைட்டுகள் மாற வேண்டும். முதலாவது மாறி இரண்டாவது மாறாமல் நின்றால், படிக்கும்போது வருவது 0. எனக்கு இதுதான் தேய்மானத்தைவிடப் பயம். தேய்ந்த சிப் பல நாள் தடுமாறிக் காட்டிக்கொடுக்கும். பாதி எழுதிய எண்ணோ சரியான எண் போலவே உட்கார்ந்திருக்கும்.

அதனால் ஐந்தாவதாக ஒரு பைட் சேர்த்தேன். நான்கு பைட்டுகளையும் கூட்டி 256-ஆல் வகுத்த மீதி அதில் இருக்கும். மீதி பொருந்தாத இடத்தைப் புரோகிராம் ஒதுக்கிவிட்டு முந்தையதை எடுத்துக்கொள்ளும். எழுதப்படாத இடத்தில் எல்லா பைட்டும் 255 என்றிருக்கும். நான்கு 255-ஐக் கூட்டி வகுத்தால் மீதி 252. அங்கிருப்பதோ 255. ஆக வெற்றிடமும் தானாக ஒதுங்கிவிடுகிறது. 256 இடம் 204 ஆகக் குறைந்தது. அப்படியும் 2 கோடியே 4 லட்சம் நிமிடம், மோட்டார் ஓயாமல் ஓடினாலும் 38 ஆண்டுக்கு மேல்.

மோட்டார் ஓடும்போதே ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு மறுபடி மாட்டினோம். கொட்டகைச் சுவரில் கரிக்கட்டியால் குறித்திருந்த எண்ணோடு சித்தப்பா ஒத்துப்பார்த்தார். ஒரு நிமிடம் குறைந்தது.

இஎஸ்பி32 சிப்பில் தனி ஈஈப்ராமே கிடையாது. அங்கே பிளாஷிலேயே இடம் ஒதுக்க வேண்டும். அதை அடுத்த வாரம் பார்ப்போம்.