காசில் இருந்த மகாராணி

கோலா தெர்லாவில் வயதானவர்கள் இருக்கும் வீட்டில் பழைய தகரப் பெட்டியைத் திறந்தால், சில வேளை சதுரமான ஒரு காசு நாணயம் கிடைக்கும். அதில் முடி தரித்த ஒரு பெண்ணின் முகம் இருக்கும். 1950-களில் கொழுந்து பறித்தவர்கள் சம்பள நாளில் வாங்கிய வெள்ளி நோட்டிலும் அதே முகந்தான். அவர் பிரிட்டன் மகாராணி இரண்டாம் எலிசபெத்.

1926 ஏப்ரல் 21-ல் பிறந்த அவர் பள்ளிக்கூடம் போனதில்லை, வீட்டிலேயே படித்தார். 1945-ல், போர்க்காலத்தில், பெண்கள் படைப்பிரிவில் சேர்ந்து லாரி ஓட்டவும் எஞ்சின் பழுது பார்க்கவும் கற்றார். 1952 பிப்ரவரி 6-ல் தந்தை ஆறாம் ஜார்ஜ் மன்னர் காலமானபோது மகள் கென்யாவில் இருந்தார். வயது 25. அந்த நிமிடமே அவர் ராணி. முடிசூட்டு விழா 1953 ஜூன் 2-ல்தான் நடந்தது.

அவர் நமக்கும் ராணியா? இதில்தான் பலருக்குக் குழப்பம். பினாங்கும் மலாக்காவும் பிரிட்டிஷ் மகுடத்துக்கு நேராக உரியவையாக இருந்தன. பகாங் அப்படியன்று. பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்தாலும் அதற்குச் சுல்தான் உண்டு. பகாங் தபால்தலையில் சுல்தான் படம். காசில் மகாராணி படம்!

இது படத்தைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. பினாங்கில் பிறந்த தமிழ்க் குழந்தைக்குப் பிறப்பினாலேயே பிரிட்டிஷ் குடியுரிமை இருந்தது. பகாங் தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளைக்கு அது இல்லை. இந்நாட்டுக் குடியுரிமைக்கும் இங்கே பிறந்தது மட்டும் போதவில்லை. 1957 ஆகஸ்ட் 31 முதல் மலாயாவில் பிறந்த பிள்ளைகள் குடிமக்கள் ஆனார்கள். 1962-ல் விதி இறுகியது: பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்றானது. பெற்றோரின் பத்திரங்களைக் கேட்டு நம்மவர் அலைந்த கதை இதிலிருந்து வந்ததுதான்.

நம் சம்பளத்தை மகாராணி நிர்ணயித்தாரா என்றால், இல்லை. சட்டம் செய்வது பார்லிமெண்டு. ஒப்புதல் தருவது மகுடம். பிரதமர் வாரந்தோறும் வந்து பேசுவார். ராணி யோசனை சொல்லலாம், கட்டளையிட முடியாது. மலாயா சுதந்திரச் சட்டத்துக்கும் 1957-ல் அவரே ஒப்புதல் தந்தார். மெர்டேக்கா ஸ்டேடியத்தில் துங்கு அப்துல் ரகுமானிடம் சுதந்திரப் பத்திரத்தை ஒப்படைத்தவர் அவருடைய சிற்றப்பா, கிளாஸ்டர் கோமகன்.

பின்னர் 1972, 1989, 1998 ஆகிய ஆண்டுகளில் மகாராணி மலேசியாவுக்கு விருந்தாளியாக வந்தார். 70 ஆண்டு ஆட்சிக்குப் பின், 2022 செப்டம்பர் 8-ல் காலமானார். நம் நோட்டில் 1967 முதலே முதல் மாமன்னர் துவாங்கு அப்துல் ரகுமானின் முகம் வந்துவிட்டது.