குலுக்கல்ல விழுந்த அமெரிக்கா!

ஜி.ஆர்.ஈ., டோஃபல், பேங்க் பேலன்ஸ், விசா இன்டர்வியூ... அமெரிக்கா போக நம்ம சீனியர்ஸ் படுற பாடு தெரியும்தானே? ஆனா, பேரைக் குலுக்கிப் போட்டு கிரீன் கார்டு கொடுத்த கதை தெரியுமா பாஸ்?

'டைவர்ஸிட்டி விசா'ன்னு பேரு. 1990-ல் வந்த அமெரிக்கச் சட்டம் உருவாக்கிய திட்டம். அமெரிக்காவுக்குக் குறைவான ஆட்கள் போகிற நாடுகளுக்கு, வருஷத்துக்கு சுமார் 50,000 விசா. (நம்மாளுங்க ஏற்கெனவே எக்கச்சக்கமா போயிட்டதால, இந்தியாவுக்கு நோ என்ட்ரி!)

இந்தக் குலுக்கல் பித்து தலைக்கேறிய நாடு, மேற்கு ஆப்பிரிக்காவில் கானாவை ஒட்டியிருக்கும் குட்டி தேசம் டோகோ. 1967 முதல் 2005 வரை எயடேமா என்ற ஒரே அதிபர். 1994-ல் பிரெஞ்சு பிராங்குக்கு எதிரா அந்நாட்டுப் பணத்தின் மதிப்பு ஒரே அடியில் பாதியானது. படிச்சவங்களுக்கே வேலை கிடைக்காத ஊரில், அமெரிக்கக் குலுக்கல்தான் அடுத்த கனவு.

அங்கேதான் ஏஜென்ட் என்ட்ரி! தலைநகர் லோமேயின் இந்த உலகத்தை, மானுடவியலாளர் சார்லஸ் பியோட் 'தி ஃபிக்ஸர்' (2019) புத்தகத்தில் விரிவா எழுதியிருக்கார். ஏஜென்ட்டே ஆளைத் தேடிப் போய், போட்டோ எடுத்து, காசு வாங்காம விண்ணப்பம் போடுவார். பேர் விழுந்தாத்தான் மீட்டர் ஓட ஆரம்பிக்கும்.

2012-க்குப் பிறகு இன்டர்வியூ ஃபீஸ் மட்டும் தலைக்கு 330 டாலர். விசா கிடைக்காட்டியும் திரும்ப வராது. மெடிக்கல், ஃப்ளைட் டிக்கெட் தனி. ஏழை இதுக்கு எங்கே போவார்?

'கல்யாணம் பண்ணிக்கோ' என்பார் ஏஜென்ட். ஜெயிச்சவர் கணவனையோ மனைவியையோ கூட்டிப் போகலாம் என்பது விதி. அமெரிக்காவில் சொந்தக்காரங்க இருக்கிற ஒருத்தரைக் காகிதத்தில் ஜோடி சேர்ப்பார். ரெண்டு பேர் செலவும் அந்தச் சொந்தக்காரங்க தலையில்!

அப்புறம் ரிகர்சல். முதல்ல எங்கே பார்த்தீங்க? மாமியார் பேர் என்ன? நம்ம வைவா எல்லாம் ஜுஜுபி. பதில் மாறினா விசா போச்சு. மோசடின்னு முடிவானா, பெரும்பாலும் ஆயுசுக்கும் கதவு மூடிடும். ஏஜென்ட்டுக்கு அடுத்த வருஷக் குலுக்கல் இருக்கு. மாட்டினவருக்கு?

அரசும் சும்மா இல்லை. 2019-ல், 'பாஸ்போர்ட் இருந்தாத்தான் விண்ணப்பம்' என்றது. 2022-ல் கோர்ட் அதை ரத்து செய்தது. 2025 ஜூனில் டோகோ நாட்டவருக்கு மாணவர், சுற்றுலா விசாக்களை நிறுத்தியது. அதே டிசம்பரில் குலுக்கல் விசாவுக்கே பிரேக்!

ஏஜென்ட்டைத் திட்டுறது ஈஸி. ஆனா, குலுக்கலில் ஜெயிச்சும் விமானம் ஏறக் காசில்லாதவருக்கு, அவரை விட்டா வேற யார் இருந்தாங்க? நேர் வழிக்குக் கட்டணம் ஏற ஏற, குறுக்கு வழி காட்டுறவருக்குத்தான் கிராக்கி. அதிர்ஷ்டம் ஒருத்தருக்கு, பணம் இன்னொருத்தருக்கு, ரிஸ்க் மட்டும் எப்பவும் அதிர்ஷ்டசாலிக்கே!